தன் வேகத்தில் படிக்கட்டும்: வீட்டுக்கல்விக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்க முடிவு செய்யும் பெற்றோரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அவன் வேகத்துக்கு அவன் படிக்கட்டும்." ஆனால் அதே வீட்டுக்கு இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு மேசை போட்டாயிற்று, சுவரில் டைம்டேபிள் தொங்குகிறது, ஜூன் மாதம் புதுப் புத்தகம் வாங்கியாயிற்று. "உன் வயசுப் பிள்ளைங்க எல்லாம் பெருக்கல் முடிச்சாச்சு" என்ற பேச்சும் கேட்கிறது. பள்ளிக் கட்டடம்தான் மாறியிருக்கிறது. வேகம் மாறவில்லை.

தன் வேகத்தில் கற்பதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்றைப் புரிந்துகொள்ளக் குழந்தைக்கு எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாள் கொடுப்பது ஒரு பக்கம். புரிந்துவிட்ட பிறகு ஒரு நாள்கூடக் காக்க வைக்காமல் அடுத்ததற்கு விடுவது மறுபக்கம். இதைப் பிள்ளையைச் சும்மா விட்டுவிடும் முறை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பெற்றோருக்கு இதைவிட வேலை வைக்கும் முறை வேறு கிடையாது. பாடத்திட்டம் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்துகொள்ள முடியாது. பிள்ளையைத் தினமும் கவனித்து, அடுத்தது என்ன என்று நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையைப் படிப்படியாகச் சொல்வதுதான் இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன்: சட்டமும் காகிதங்களும்

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அது பொருந்தும். பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்த நிலை தெரிந்துதான் இறங்க வேண்டும். "எல்லாம் சட்டப்படி சரி" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அதே சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளையையோ இடையில் நின்ற பிள்ளையையோ வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், மற்றவர்களோடு சேர்ந்து வரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் 4ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்கல்வி ஒத்துவரவில்லை என்றால் திரும்பப் போக வழி இருக்கிறது. இது தெரிந்தாலே பெற்றோருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் படித்திருந்தால் டிசி, பழைய மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். டிசி வாங்காமல் பிள்ளையை நிறுத்திவிட்டுப் பிறகு அலையும் குடும்பங்கள் நிறைய.

முதல் படி: பள்ளியின் அவசரம் அடங்கட்டும்

பள்ளியிலிருந்து நிறுத்திய மறுநாளே பாடம் தொடங்காதீர்கள். மூன்று நான்கு வருடம் மணியடித்துப் பழகிய பிள்ளைக்கு, தனக்கு எது பிடிக்கும் என்பதே மறந்திருக்கும். "அடுத்து என்ன பண்ணணும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலர் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் 1977இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அந்தக் காலம் முதலே இந்த இடைவெளியின் தேவை பேசப்பட்டு வருகிறது. பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் ஓய்வு என்பது இந்தக் குடும்பங்களிடையே புழங்கும் கணக்கு. ஆய்வு செய்து கண்ட அளவு இல்லை, அனுபவத்தில் வந்தது. ஆனாலும் நல்ல கணக்குதான்.

இந்த மாதங்களில் தூக்கம் சரியாகட்டும். நூலகத்துக்குப் போங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஓர் அலமாரி இருந்தாலும் போதும். சந்தைக்கு, தாத்தா வீட்டுக்கு, ரயில் பார்க்கக் கூட்டிப் போங்கள். "போர் அடிக்குது" என்று பிள்ளை சொன்னால் உடனே எதையாவது கையில் கொடுத்துவிடாதீர்கள், முக்கியமாக போனை. கேள்விகள் தானாகத் திரும்பி வரும். அவை வரத் தொடங்கியதும் அடுத்த படிக்குப் போகலாம்.

பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு இந்தப் படி தேவையில்லை. அந்த வீட்டில் பெற்றோருக்கு வேண்டுமானால் தேவைப்படலாம்.

இரண்டாம் படி: பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது?

இதற்குத் தேர்வு வைக்க வேண்டாம். இரண்டு வாரம் கூடவே இருந்து கவனித்தால் போதும். எதைப் பார்ப்பது? தமிழ் வாசிப்பு, ஆங்கில வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே பிள்ளை கதைப் புத்தகத்தில் ஐந்தாம் வகுப்பு அளவிலும் கணக்கில் இரண்டாம் வகுப்பு அளவிலும் இருக்கலாம். பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு "நாலாம் கிளாஸ்" என்று ஒரே பெயர்தான். அந்தப் பெயரை முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

விடை சரியா தவறா என்பதைவிட, பிள்ளை எப்படி அந்த விடைக்கு வந்தது என்று பாருங்கள். ஓர் எட்டு வயதுச் சிறுமி 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதுகிறாள். "கவனமே இல்ல" என்று சொல்லி இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் இருபதும் அதே மாதிரி தப்பாகத்தான் வரும். ஏனென்றால் அவள் கவனமாகத்தான் செய்திருக்கிறாள். ஒன்றுகள் இடத்தில் 2, 7 இரண்டும் இருக்கின்றன. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று போட்டாள். பத்துகள் இடத்தில் 4இலிருந்து 1 போனால் 3. ஒன்றுகளும் பத்துகளும் அவளுக்குத் தனித்தனி எண்களாகத் தெரிகின்றன. 42 என்பது முழுசாக ஓர் எண்ணாகத் தெரியவில்லை.

நோட்டை மூடிவிட்டு அவள் கையில் நான்கு பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கொடுங்கள். நீங்கள் கடைக்காரர். பென்சில் 17 ரூபாய். அவள் ஒரு தாளை வைப்பாள், இரண்டு நாணயத்தையும் வைப்பாள், யோசிப்பாள். பிறகு, "சில்லறை பத்தலையேம்மா, ஒரு பத்து ரூபாய மாத்தித் தாங்க" என்பாள். கடன் வாங்கிக் கழித்தல் என்று பாடப் புத்தகம் சொல்வதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். உடனே நோட்டைத் திறந்து அதைக் காட்டிவிட வேண்டாம். இந்தக் கடை விளையாட்டே ஒரு வாரம் ஓடட்டும். எழுத்து பிறகு வரும்.

வாசிப்பிலும் இப்படித்தான். கொக்கு என்ற சொல்லில் திணறும் பிள்ளையைக் கூர்ந்து பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் க. கண் இடமிருந்து வலமாகப் போகிறது; ஒலியோ மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் பிறக்கிறது. பிள்ளை "கெ... கா..." என்று பிரித்துப் படித்தால், அது எழுத்தைப் படிக்கிறது, சேர்த்துப் பார்க்க மட்டும் இன்னும் பழகவில்லை என்று பொருள். அதற்கு வேண்டியது கொ, பொ, தொ வரும் பத்துச் சின்னச் சொற்கள். 247 எழுத்தையும் முதலிலிருந்து எழுத வைப்பது அந்தக் குறைக்கு மருந்தாகாது.

மூன்றாம் படி: வகுப்பை விடுங்கள், ஏணியைப் பிடியுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு. அது நம் மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலி மையம், சுற்றுக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, அவற்றை ஓர் ஏணியாக அடுக்கியது. அதைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை முன்னெடுத்தார். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. வகுப்பறையில் பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொருவருக்கும் எழுதக் கரும்பலகை இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் தான் நிற்கும் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்தது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடரும்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். வயது எதுவானாலும் பிள்ளை இருக்கும் நிலைக்கேற்ற பாடம் என்பதுதான் கருத்து. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் முயன்றதை, ஒன்றிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாம் செய்ய முடியும்.

வீட்டில் ஏணி செய்வது எப்படி? தமிழ்நாடு அரசின் ஒன்று முதல் ஐந்து வரையிலான கணக்குப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்தின் பொருளடக்கத்தையும் வரிசையாக ஒரே தாளில் எழுதுங்கள். எந்த வகுப்பு என்பதை எழுதாதீர்கள். இருபது வரை எண்ணுதல், பத்துக்குள் கூட்டல், பத்துகளும் ஒன்றுகளும், நூறுக்குள் கழித்தல் என்று அது ஒரு நீண்ட பட்டியலாக வரும். பிள்ளை முடித்த படிகளுக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி இல்லாத முதல் படிதான் நாளைய பாடம்.

ஏணி எல்லாப் பாடத்துக்கும் வேண்டியதில்லை. கணக்கிலும் வாசிப்பிலும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கிறது, அதனால் வரிசை வேண்டும். அறிவியலும் வரலாறும் அப்படி இல்லை. ரயில் பிடித்த பிள்ளை நீராவியிலிருந்து தொடங்கலாம். கோயில் பிடித்த பிள்ளை ராஜராஜனிலிருந்து தொடங்கலாம். அறிவியலுக்கு அரவிந்த் குப்தா பழைய பொருள்களிலிருந்து செய்து காட்டும் பொம்மைகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், ஸ்ட்ரா, பழைய சிடி இவை போதும். கதைகளுக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் புத்தகங்கள் நிலை பிரித்தே கிடைக்கின்றன.

எப்போது அடுத்த படி? தனியாகச் செய்ய வேண்டும். தம்பிக்கோ பாட்டிக்கோ தன் வார்த்தையில் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் அதைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பக் கேட்டாலும் செய்ய வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கற்றது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தது நிற்கும். ஒரே நாளில் ஐம்பது முறை செய்தது நிற்காது.

நான்காம் படி: நாளுக்கு ஓர் ஒழுங்கு

டைம்டேபிள் வேண்டாம் என்றால் ஒழுங்கே வேண்டாம் என்று ஆகாது. மணியைப் பார்த்து ஓடாமல் வரிசையை வைத்து நாளைக் கட்டுங்கள். காலை சாப்பிட்டதும் கணக்கு, அதன் பிறகு வாசிப்பு, தூங்கும் முன் நீங்கள் கதை படித்துக் காட்டுவது. இந்த மூன்றும் தினமும் நடக்கட்டும், மற்றதெல்லாம் திறந்த நேரம். ஆறு முதல் எட்டு வயதுக்கு உட்கார்ந்து படிப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. ஒருவர் ஒருவருக்கே சொல்லிக் கொடுக்கும்போது அந்த ஒரு மணி நேரத்தில் நிறைய நடக்கும்.

பிள்ளை எதிலாவது ஆழ்ந்திருந்தால் இடையில் கூப்பிடாதீர்கள். எறும்பு வரிசையைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கும் பிள்ளையை "கணக்கு நேரம்" என்று எழுப்பினால், கவனம் என்பது பெரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளக்கூடிய பொருள் என்று அது கற்றுக்கொள்ளும்.

இருவரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் பாடம் மாலையில் நடக்கலாம், சனி ஞாயிறிலும் நடக்கலாம். பகலில் பிள்ளையோடு யார் இருப்பது என்பதற்குப் பதில் இல்லாமல் தொடங்கக் கூடாது.

ஐந்தாம் படி: பக்கத்தில் எப்படி உட்காருவது?

மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் கற்றுக்கொடுத்த ஒரு சின்ன முறை, தன் வேகத்தில் கற்கும் பிள்ளைக்கு மிகவும் பொருந்தும்.

முதலில் பெயர் சொல்வது: "இது முக்கோணம், இது சதுரம்." அடுத்து அடையாளம் காணச் சொல்வது: "சதுரம் எது, எடு பார்ப்போம்." கடைசியில்தான், "இது என்ன?" நம் வீடுகளில் பெரும்பாலும் முதலிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறோம். நடுவில் இருப்பதுதான் நீண்ட நேரம் நடக்க வேண்டியது. அங்கே பிள்ளை தப்பாக எடுத்தால் "தப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை. பொருள்களை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்கலாம். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பிள்ளை திணறும்போது விடை சொல்லிவிடத் துடிக்கும் வாயை அடக்குவதுதான் இந்த வேலையில் கடினமானது. மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அதன் பிறகும் முடியவில்லை என்றால் விடையைச் சொல்லாமல் ஒரு படி இறக்கிக் கேளுங்கள். 42இல் 17 போகவில்லை என்றால், 42இல் 10 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

ஆறாம் படி: குறிப்பேடு

ஒரு சாதாரண நோட்டு வாங்கி, தினமும் இரவில் நான்கு வரி எழுதுங்கள். இன்று என்ன செய்தாள், எங்கே நின்றாள், என்ன கேட்டாள், எதில் மணிக்கணக்காக இருந்தாள். மதிப்பெண் எழுத வேண்டாம். மாதம் ஒரு முறை பிள்ளை படிப்பதைப் போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். "ஒண்ணுமே முன்னேறலையே" என்று தூக்கம் வராத இரவுகள் எல்லாப் பெற்றோருக்கும் வரும். ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவை அன்றைக்குக் கேட்டால் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம், அக்காவோடும் தம்பியோடும் ஒப்பிடவே வேண்டாம். ஒப்பிட வேண்டியது இந்தப் பிள்ளையின் ஆறு மாதத்துக்கு முந்தைய நிலையோடு மட்டும்.

பிற்பாடு பள்ளியில் சேர்க்கும்போதோ யாராவது அதிகாரி வந்து கேட்கும்போதோ காட்டவும் இந்த நோட்டு உதவும்.

ஏழாம் படி: மெதுவா, தடையா?

"தன் வேகம்" என்ற பெயரில் குழந்தைகளுக்குப் பெரிய அநியாயம் நடக்கக்கூடிய இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாமதம் தானாகவே இழப்பு ஆகிவிடாது. 1929இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த எல்.பி. பெனசெட் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். சில வகுப்புகளில் முறையான கணக்குப் பாடத்தையே ஆறாம் வகுப்பு வரை நிறுத்திவைத்தார். அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் நிறையப் பேசினார்கள், படித்தார்கள். நீளத்தை அளந்தார்கள், மணி பார்த்தார்கள், உத்தேசமாகக் கணித்தார்கள். ஆறாம் வகுப்பில் கணக்கைத் தொடங்கியதும், அந்த வருடம் முடிவதற்குள் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டார்கள். யோசித்துப் போடும் கணக்குகளில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. எழுதிப் போடும் கணக்கு தள்ளிப்போகிறதே என்று பதறுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளை யாரும் சும்மா விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பேச்சும் அளவும் கணிப்பும் தினமும் நடந்தன.

வாசிப்பு வேறு விஷயம். ஐந்து வயதில் படிக்கும் பிள்ளையும் உண்டு, ஏழரையில் படிக்கும் பிள்ளையும் உண்டு, இரண்டும் இயல்புதான். பின்லாந்தில் பள்ளியே ஏழு வயதில்தான் தொடங்குகிறது. ஆனால் எட்டு வயதை நெருங்கும் பிள்ளைக்கு, தினமும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தும் மாதக்கணக்கில் எழுத்தும் ஒலியும் ஒட்டவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது, ஒரே ஓசையில் முடியும் சொற்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை, வாய்ப்பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளை புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறது, குடும்பத்தில் வேறு யாருக்கோ இப்படி இருந்திருக்கிறது என்றெல்லாம் இருந்தால் கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். புத்தகத்தை மூக்கருகே பிடிக்கும் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்த கதைகள் எத்தனையோ. பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தை அணுகலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக இதற்கென்றே இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பிற்பாடு தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் தன் வேகத்தில்தான் கற்கும். ஆனால் அதற்கு வேறு விதமான பாதை வேண்டும். "தானா வந்துடும்" என்று பத்து வயது வரை விட்டுவிட்டால், எழுத்தோடு சேர்ந்து தன்மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும்.

இன்னொன்று: பிள்ளைக்கு முடிகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பிள்ளையாகக் கேட்கும் வரை வாசிப்பைக்கூடத் தொடவே கூடாது என்று சொல்லும் வீட்டுக்கல்வியாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தினமும் கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, இவற்றைப் பல் துலக்குவதுபோல வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு தூரம், எந்தப் புத்தகம், எந்த மூலையில் உட்கார்ந்து என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

வேகமாக ஓடும் பிள்ளை

ஆறு வயதில் வகுத்தல் போடும் பிள்ளையைப் பத்தாம் வகுப்புத் தேர்வை நோக்கித் தள்ளாதீர்கள். ஏணியில் மேலே ஏறுவதைப் போலவே பக்கவாட்டிலும் போகலாம். புள்ளிக் கோலத்தில் வரும் சமச்சீர், சதுரங்கம், புதிர்கள், கணக்கை வைத்துத் தானே ஒரு விளையாட்டு உருவாக்குவது என எத்தனையோ இருக்கின்றன. கணக்கில் பத்து வயதுக்காரனாக இருக்கும் பிள்ளை அழுவதில் ஆறு வயதுக்காரன்தான்.

எட்டாம் படி: உறவினர்களும் நண்பர்களும்

"பாப்பா எந்த ஸ்கூல்?" என்று கேட்காத கல்யாண வீடு கிடையாது. "நான் வீட்டுல படிக்கிறேன்" என்று சொல்லப் பிள்ளைக்குப் பழக்குங்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்வது உங்கள் வேலை. மாமாவோ சித்தப்பாவோ பிள்ளையை நிறுத்திவைத்துப் பதினாறாம் வாய்பாடு கேட்டால், "அவளுக்கு இப்ப வேற ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு சித்தப்பா, அதைக் கேளுங்க" என்று சிரித்தபடி தடுக்க வேண்டியவர் நீங்கள்தான். தாத்தா பாட்டியின் கவலை வேறு. அது அக்கறையிலிருந்து வருவது. அவர்களிடம் குறிப்பேட்டைக் காட்டுங்கள். கதை சொல்லும் வேலையையோ தோட்ட வேலையையோ அவர்களிடமே ஒப்படையுங்கள்.

கூட்டாளிகள் வேண்டும், அதில் சமரசம் இல்லை. மாலையில் தெரு விளையாட்டு, சிலம்பம், நீச்சல், பாட்டு வகுப்பு என்று வாரத்தில் பல நாள் மற்றப் பிள்ளைகளோடு கலக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஊரில் வேறு வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இருந்தால் வாரம் ஒரு நாள் சேர்ந்து படிக்கலாம்.

ஒன்பதாம் படி: சான்றிதழ் வேண்டிய வயது வரும்போது

தன் வேகம் என்பது தேர்வு வாசலிலும் ஓரளவு செல்லும். அதற்கான பெரிய வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ். 1979இல் சிபிஎஸ்இயின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமானது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குச் சமமான ஏ, பி, சி நிலைகள் அதில் உண்டு. பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிக்கே போகாதவர்களும் தங்கள் உறுதிமொழியைக் கொடுத்துச் சேரலாம். ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்களில் தேர்ச்சி வேண்டும். தமிழ் வழியிலும் படிக்கலாம்.

சேர்ந்த பிறகு ஐந்து ஆண்டு காலமும் ஒன்பது பொதுத்தேர்வு வாய்ப்புகளும் உண்டு. ஏப்ரல் மே மாதங்களில் ஒரு முறை, அக்டோபர் நவம்பரில் ஒரு முறை தேர்வு நடக்கும். ஐந்து பாடத்தையும் ஒரேயடியாக எழுத வேண்டியதில்லை. பிடித்த இரண்டை முதலில் எழுதலாம், கணக்கை அடுத்த வருடம் எழுதலாம். தயாரான பாடத்தை மட்டும் எழுத, தேவைக்கேற்ற தேர்வு முறையும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில்தான் போக வேண்டும் என்றால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அதன் வழியாகப் பத்தாம் வகுப்புக்குப் போகலாம்.

பதின்மூன்று வயதில் பிள்ளையோடு உட்கார்ந்து, பிறகு என்ன படிக்க ஆசை என்று பேசிவிடுங்கள். மருத்துவம், பொறியியல், அரசு வேலை என்று ஒவ்வொன்றும் எந்தச் சான்றிதழை ஏற்கும் என்பதற்கு விதிமுறைகள் உண்டு, அவை மாறவும் செய்யும். அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை நீங்களே படித்துப் பாருங்கள். பிள்ளை தன் வேகத்தில் படித்ததற்காகப் பதினேழு வயதில் ஒரு வாசல் அடைபட்டு நிற்கக் கூடாது.

இறங்கும் முன் ஒரு வார்த்தை

இவ்வளவையும் படித்துவிட்டு, "எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லையே" என்று தோன்றினால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். பொறுமையான ஆசிரியர் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, மாலையில் அரை மணி நேரம் வகுப்பு எண்ணை மறந்து, பிள்ளை நிற்கும் படியிலிருந்து சொல்லிக் கொடுங்கள். கவனிக்க ஆள் இல்லாத வீட்டுக்கல்வியைவிட அது பிள்ளைக்கு நல்லது. நேரம் கொடுக்க முடியும் என்றால் தயங்காமல் தொடங்குங்கள். கணக்கு ஏணியை இந்த வாரமே எழுதிவிடுங்கள்.